இரண்டு பேராகப் போங்கள்

நத்தாருக்கு முந்திய கிழமை எங்கள் பங்கில் ஒரே வீட்டுக்கு நாலு உலர் உணவுப் பொதி வரும். வெளிநாட்டுக் காசு, இளைஞர் மன்றம், பழைய மாணவர்கள் என்று எல்லாரும் அந்த வீட்டைத்தான் தேடிப் போவார்கள். தை நடுவில் போய்ப் பாருங்கள், கோதுமை மாவில் வண்டு, பருப்புப் பேணி காலி. ஏழை வீடுகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் டி போல் சபையில் 11 வருடமாக வீடு சந்திக்கப் போகிறேன். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தச் சிக்கல் அந்தக் காலத்திலேயே இருந்தது. 1617இல் பிரான்ஸில் சத்தியோன் என்ற சிற்றூரில் வின்சென்ட் டி போல் பங்குக் குருவாக இருந்தார். ஒரு குடும்பமே நோயில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் பிரசங்கத்தில் சொன்னார். அன்றைக்கே வழி நிறையச் சனம், கை நிறையச் சாப்பாடு. அவ்வளவும் பழுதாகப் போகும், பிறகு அந்த வீடு பழையபடி பட்டினி கிடக்கும் என்று அவர் கண்டுகொண்டார். ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தார். 1625இல் அவர் தொடங்கிய மறைபரப்புக் குருக்கள் சபை ஏழைகளுக்கென்றே உண்டானது. குருக்கள் அல்லாதவர்கள் நடத்தும் எங்கள் சபை அதற்கு இருநூறு வருடம் பிந்தியது. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஒசானாமும் கூடப் படித்த சில மாணவர்களும் தொடங்கினார்கள். அவருக்கு அப்போது 20 வயது. ஏழை வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர்களுக்குப் பழக்கியவர் ரோசலி என்ற கன்னியாஸ்திரி.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டைக் கொப்பி வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம், அதில் 12 மாதத்துக்கும் கட்டம் போடுங்கள். கரையோர வீடுகளில் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்துத் தொழில் நின்றுபோகும் நாட்கள் உண்டு. பாடசாலை தொடங்கும்போது கொப்பி, சப்பாத்து. கிளினிக் நாளில் பஸ் காசு. நத்தாருக்குக் கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி, ஒருவரை மாசிக்கும் ஒருவரைப் பங்குனிக்கும் மாற்றிவிடுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, திரும்பவும் கேளுங்கள்.

இரண்டு பேராகப் போங்கள். இது சபையின் பழைய வழக்கம். ஒருவர் கதைக்க, மற்றவர் காதுகொடுத்துக் கேட்கலாம். காசு கைமாறினால் சாட்சியும் இருக்கும். ஐந்தாறு பேராகப் போனால் ஒழுங்கை முழுக்க எட்டிப் பார்க்கும். சாமானைச் சந்தைக்குக் கொண்டுபோகிற சாதாரணப் பையில் வைத்து, எழும்பும்போது கதவோரம் விட்டுவிட்டு வாருங்கள். படம் எடுக்க வேண்டாம். கொடுத்தவர் ஆதாரம் கேட்டால் கடையில் தந்த பில் துண்டை அனுப்பலாம்.

படலையில் நின்று கூப்பிடுங்கள். பாய் போட்டால் பாயில் இருங்கள், வெறுந்தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். குசினிப் பக்கம் கண்ணை ஓட்டாதீர்கள். சுவரில் பிள்ளையார் படம் இருந்தால் அது அவர்கள் வீடு. அவர்களாகக் கேட்டாலொழிய செபம் சொல்லத் தொடங்காதீர்கள்.

அப்புறம், "என்ன இல்லை?" என்று கேளுங்கள். இதை நான் ஒன்பது வயதில் படித்தேன். 1995 ஒக்ரோபர் முடிவில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு எல்லாரும் நடந்தபோது நாங்களும் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினோம். மூன்றாம் நாள் ஒரு குழுவினர் இரண்டு கிலோ மா தந்தார்கள். எங்களிடம் சட்டி இல்லை, விறகும் இல்லை. அம்மா மாவைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு சட்டி இரவல் கேட்டுத் திரிய, நான் பனையடியில் எரிக்க ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) பொறுக்கினேன். மழையில் ஊறிய ஊமல் புகைந்ததே தவிர எரியவில்லை. பாதி வெந்த ரொட்டியைத்தான் தின்றோம். ஒசானாம் தன்னிடம் மிஞ்சியிருந்த விறகை ஏழை வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று பின்னாளில் அறிந்தபோது எனக்கு அந்தப் புகைதான் நினைவுக்கு வந்தது.

போன வருடம் ஒரு ஆச்சியிடம் அப்படிக் கேட்டேன். "அரிசி கிடக்கு பிள்ளை" என்றார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் முறிந்து, கறுப்பு நூலால் காதில் கட்டியிருந்தார். கண்ணாடி நழுவி நழுவி விழ, காலைக் குளிசை எது இரவுக் குளிசை எது என்று தெரியாமல் இரண்டையும் ஒரே பேணியில் போட்டு வைத்திருந்தார். கால் மாற்றிக் கொடுக்க ஒரு பொதியின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

சபைக் கூட்டத்தில் இரகசியக் காணிக்கைப் பை வரும்போது, யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி கையை மூடி உள்ளே விட்டு எடுங்கள். வெறுங்கையாக இருந்தாலும் அப்படித்தான். கண்ட வீட்டு நிலைமையை உங்கள் வீட்டிலும் சொல்லக் கூடாது. கிளம்பும்போது அடுத்து வரும் திகதியைச் சொல்லி, அன்றைக்குக் கட்டாயம் போங்கள். ஆச்சி அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பார்.

வருகிற சனிக்கிழமை அவரிடம் போகவேண்டிய நாள். என்னோடு வருகிற அக்காவுக்குக் காய்ச்சல். ஒருவர் வந்தால் போதும், பின்னேரம் நாலு மணிக்குக் கோயில் வாசலில் நிற்பேன்.