வலிக்கவில்லை என்று காலை ஊன்றாதீர்கள்: கணுக்கால் முறிவில் சுகர்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் எலும்பு வார்டுக்குக் கணுக்கால் முறிவுகள் வரிசையாக வரும். பாசி படிந்த கிணற்றடியில் வழுக்கி விழுந்த மாமிமார், ரப்பர் தோட்டத்துச் சரிவில் கால் மடங்கிய பால்வடிப்புத் தொழிலாளர்கள், மார்த்தாண்டம் ரோட்டில் பைக்கோடு சரிந்த பையன்கள். பிசியோதெரபிஸ்டாக ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இவர்களோடுதான் இருக்கிறேன். சுகர் இருப்பவர்களின் காலைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயம். சரியாகப் பொருத்திய எலும்பு வீட்டுக்குப் போய்க் கெட்டு வருவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

தவறு விழுந்த அன்றே தொடங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசானிடம் (சுளுக்கு, முறிவு பார்க்கும் நாட்டு வைத்தியர்) போய் எண்ணெய் போட்டுத் தடவிக் கட்டுவது தலைமுறைப் பழக்கம். சாதாரணச் சுளுக்குக்கு அதில் சுகம் கிடைக்கலாம். ஆனால் பாதம் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது, காலை ஊன்றவே முடியவில்லை என்றால் தடவவும் கூடாது, இழுக்கவும் கூடாது. விலகிய எலும்பு உள்ளிருந்து தோலை நெருக்கும். சில மணி நேரத்தில் அந்தத் தோல் செத்துவிடலாம். இறுக்கிக் கட்டினால் கொப்புளம் போடும். தலையணையைச் சுற்றிக் கால் அசையாதபடி தளர்வாகக் கட்டி, உயர்த்தி வைத்து நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சுகரால் நரம்பு கெட்டு, சூடு உறைக்காத பாதம் வெந்துபோனாலும் தெரியாது.

அப்புறம், "அஞ்சு நாளா சும்மா படுக்க வச்சிருக்காங்க" என்று கோபித்து வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது. வீங்கித் தெறிக்கும் தோலைக் கீறினால் தையல் சேராது. வீக்கம் வற்றி, தோலில் சுருக்கம் விழுந்த பிறகே கத்தி வைப்பார்கள். பனையிலோ தென்னையிலோ இருந்து விழுந்து குதிகால் உடைந்தவர் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க நேரும். (அப்படி விழுந்தவருக்கு முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கால் வலியில் முதுகு வலி மறைந்துவிடும்.) மூட்டு விலகியிருந்தால் அதுவரை வெளியே கம்பிச் சட்டம் மாட்டிப் பிடித்து வைப்பார்கள்.

"சுகர் இருக்கே, கத்தி வேண்டாம், மாவுக்கட்டு போதும்" என்று வீட்டார் கெஞ்சுவார்கள். எலும்பு விலகாமல் நிலையாக நின்றால் சரி. நிலையில்லாத முறிவில், உணர்ச்சி குறைந்த காலுக்கு மாவுக்கட்டும் ஆபத்துதான். உள்ளே எலும்பு நழுவும், கட்டு உரசிப் புண்ணாகும், நோயாளிக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் சுகர்காரர்களுக்கு டாக்டர்கள் வழக்கத்தைவிட உறுதியாகப் பொருத்துகிறார்கள். திருகுகள் பிளேட்டோடேயே பூட்டிக்கொள்ளும் வகைப் பிளேட்டை வெளிக்கணுவில் வைப்பார்கள். அங்கிருந்து பக்கத்துப் பெரிய எலும்புவரை கூடுதல் திருகுகள் போவதுண்டு. எலும்பு மிக மோசமென்றால் உள்ளங்கால் வழியாகக் குதிகாலையும் கணுக்காலையும் கோத்து மேலேறும் நீளக் கம்பி. அதன்பின் கணுக்கால் மடங்காது. ஆனால் ஊன்றி நிற்க ஒரு கால் இருக்கும். "பக்கத்து பெட்காரருக்கு ரெண்டு திருகுதானே" என்று கேட்டுத் திருகைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது சீக்கிரம் நடப்பதுதான். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு மாமிக்குப் பிளேட் வைத்திருந்தார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று எங்களிடம் உண்டு. கண்ணை மூடச் சொல்லி, அதை அவர் பெருவிரலிலும் விரலடி மேட்டிலும் வைத்து அழுத்தினேன். "எப்பம் தொடுவ மக்கா?" என்று கேட்டார். நான் தொட்டு முடித்திருந்தேன். மூன்றாவது வாரம் வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு, மீன் கழுவப் பின்வாசலுக்கு நடந்திருக்கிறார். வலிக்கவில்லை, அதனால் நடந்தேன் என்றார். எக்ஸ்ரேயில் பிளேட் வளைந்து, இரண்டு திருகுகள் வெளியே தள்ளியிருந்தன. மறுபடியும் ஆபரேஷன்.

மற்றவர்களுக்கு 6 வாரம் காலை ஊன்றாமல் இருந்தால் பெரும்பாலும் போதும். உணர்ச்சி குறைந்த சுகர்காரருக்கு அதுபோல் இரண்டு மடங்கு, சிலருக்கு இன்னும் கூட. எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்ன பிறகே ஊன்ற வேண்டும். கழிப்பறைக்கு நாலு எட்டு வைப்பதும் நடைதான்.

சுகரை மறைக்காதீர்கள். மூன்று மாதச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புண் ஆறுவதிலும் எலும்பு கூடுவதிலும் சிக்கல் கூடுகிறது. இன்சுலின் போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். பீடியையும் விடுங்கள்.

தையல் ஆறி மாதங்கள் கழிந்தும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதம் சிவந்து, வீங்கி, சூடாக, ஆனால் பெரிதாக வலியில்லாமல் இருந்தால் அது சார்க்கோ பாதமாக (உணர்ச்சி குறைந்த பாதத்தில் எலும்பும் மூட்டும் நொறுங்கும் நோய்) இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும்போதே, கிருமி என்று நினைத்து மாத்திரை வாங்கித் தின்று நடப்பவர்கள் உண்டு. தினமும் ராத்திரி வீட்டில் யாராவது புறங்கையை இரண்டு பாதத்திலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், காலை ஊன்ற விடாமல் விடிந்ததும் கூட்டி வாருங்கள்.