கவுன்சலிங் துறையில் முனைவர் பட்டம்: அமெரிக்காவில் படிக்க நினைப்பவர்களுக்கு

முதலில் எந்தப் பட்டம் என்பதை முடிவு செய்யுங்கள். உளவியலாளராகத் தயார்படுத்தும் கவுன்சலிங் சைக்காலஜி வேறு, ஆலோசகர்களுக்குக் கற்பிப்பவர்களை உருவாக்கும் கவுன்சலர் எஜுகேஷன் அண்ட் சூப்பர்விஷன் வேறு. பாடம் நடத்த, பயிற்சி ஆலோசகர்களை மேற்பார்வையிட, ஆய்வு செய்ய, துறையில் தலைமைப் பொறுப்பேற்க விரும்புவோருக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் அதை வைத்து உளவியலாளர் உரிமம் பொதுவாகப் பெற முடியாது.

அடுத்து, கேக்ரெப் (CACREP) அங்கீகாரம். அமெரிக்காவில் கவுன்சலிங் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு இது. பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. முதுகலைப் படிப்புக்கு அங்கீகாரம் இருந்து, முனைவர் படிப்புக்கு இல்லாமல் போகலாம். தனித்தனியாகப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற துறைகள் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனிக்கும்.

பிறகு நெறியாளர், அதாவது உங்கள் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர். அவருடைய அண்மைக் கட்டுரைகள் மூன்றையாவது படித்துவிட்டு, உங்கள் ஆய்வுக் கேள்வியை இரண்டு வரியில் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். அவரிடம் இப்போது எத்தனை மாணவர்கள், இதுவரை எத்தனை பேர் முடித்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். “மக்களுக்கு உதவ ஆசை” என்று தொடங்கும் விண்ணப்பக் கடிதம் எடுபடாது. எதை ஆராயப் போகிறீர்கள் என்பதைத்தான் தேர்வுக் குழு தேடும்.

கேக்ரெப் விதிப்படி, முதுகலைக்கு மேல் குறைந்தது 48 செமஸ்டர் கிரெடிட் படிக்க வேண்டும். ஆலோசனை, மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, தலைமையும் உரிமைக்குரலும் என ஐந்து பகுதிகள். பிராக்டிகம் (மேற்பார்வையில் செய்யும் தொடக்கப் பயிற்சி) 100 மணி நேரம். அதில் 40 நேரடியாக ஆலோசனை பெறுவோருடன். இன்டர்ன்ஷிப் (நீண்ட களப்பயிற்சி) 600 மணி நேரம், ஐந்தில் மூன்று பகுதிகளையாவது தொட வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் எல்லா மணி நேரத்தையும் ஆலோசனை அமர்வுகளிலேயே கழித்துவிட்டுக் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். வாராவாரம் பகுதிவாரியாகக் குறித்து, கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

ஆய்வேட்டில்தான் பலர் ஆண்டுக்கணக்கில் தேங்குகிறார்கள். பெரும்பாலும் காரணம் சோம்பல் அல்ல. கேள்வி அகலமாக இருப்பது, ஆய்வில் பங்கேற்க ஆள் கிடைக்காதது. “மேற்பார்வையின் தாக்கம்” என்பது தலைப்பே தவிர கேள்வி ஆகாது. “அமர்வின் ஒளிப்பதிவைப் பார்த்துத் தரும் கருத்து, வாய்மொழி அறிக்கையை மட்டும் கேட்டுத் தரும் கருத்தைவிட, பிராக்டிகம் மாணவர்களின் தன்னம்பிக்கையை உயர்த்துகிறதா?” என்பது கேள்வி.

கேள்வி கிடைத்ததும் ஆட்களை எண்ணுங்கள். இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிட்டு நடுத்தர அளவு வேறுபாட்டைக் கண்டறிய, வழக்கமான 5% பொருண்மை மட்டத்திலும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு) 80% திறனிலும் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் தேவை. ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் இதைக் கணக்கிடலாம். அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள் என்றால், முன்மொழிவு எழுதும் முன்பே நேர்காணல் வழி ஆய்வுக்கு ஏற்றபடி கேள்வியையே மாற்றி அமையுங்கள். பாதி வழியில் மாற்றினால் முறையியல் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டிவரும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு முன் ஒரு படிவம்கூட நிரப்ப வைக்காதீர்கள். ஆய்வுக்கென்று அப்படித் திரட்டிய தரவைப் பயன்படுத்த முடியாது. நீங்களே மதிப்பெண் போடும் மாணவர்களை ஆய்வில் சேர்ப்பதானால் குழு நிச்சயம் கேள்வி எழுப்பும், அந்த மாணவர்களால் எளிதில் மறுக்க முடியாது என்பதால். அழைப்பை வேறொருவர் விடுக்கட்டும். மதிப்பெண் வெளியான பிறகே யார் பங்கேற்றார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். இதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.