படைப்பின் காலத்தில் பனங்கொட்டை

செப்டம்பர் 1 முதல், புனித அசிசி பிரான்சிஸ் திருவிழாவான அக்டோபர் 4 வரை திருச்சபைக்குப் 'படைப்பின் காலம்', அதாவது கடவுளின் படைப்பான இயற்கைக்காகச் செபிக்கவும் அதைப் பேணவும் ஒதுக்கிய நாள்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பனம்பழம் உதிர்ந்து கிடக்கும்; வடகிழக்குப் பருவமழையும் நெருங்கிவிடும். ஓவியப் போட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் பிள்ளைகளைப் பனங்கொட்டை பொறுக்கிவரச் சொல்லுங்கள். குருத்தோலை ஞாயிறுக்கு ஆண்டுதோறும் பனையிடம் கைநீட்டும் நாம் திருப்பிக் கொடுப்பதாகவும் இருக்கும்.

கொட்டையை நேரடியாக மண்ணில் ஊன்றுங்கள். பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. முளை முதலில் கீழ்நோக்கித்தான் ஆழமாக இறங்கும். வேலியோரம் பத்தடிக்கு ஒன்று போதும். வகுப்பறைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அருகில் வேண்டாம், நாளை மட்டையும் காயும் விழும். மேலே இலை தெரியச் சில மாதங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 'செத்துப்போச்சா டீச்சர்?' என்று தினமும் தோண்டிப் பார்ப்பார்கள்.

தோண்டும் ஆசைக்கு ஒரு வழி உண்டு. மணலைக் குவித்துத் தனிப்பாத்தி போட்டு, மீதிக் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கிவிடுங்கள். பொங்கலையொட்டிக் கிழங்கு எடுத்து அவித்துக் கொடுக்கலாம்.

ஊன்றும்போது, ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திப் பாதுகாக்கக் கடவுள் மனிதனை அங்கே வைத்ததைச் சொல்லும் விவிலியத்தின் தொடக்க நூல் 2:15-ஐ வாசித்து ஒரு சிறு செபம் சொன்னால் போதும். நீண்ட மறையுரை வேண்டாம். எல்லாச் சமயப் பிள்ளைகளும் வெயிலில்தான் நிற்கிறார்கள்.