மொக்கைக் கத்தியைக் கையால் சாணை பிடித்துப் பதம் பார்ப்பது எப்படி?

பழுத்த தக்காளியின் தோலில் கத்தி இறங்காமல் வழுக்கிக்கொண்டு போனால், அதைச் சாணை பிடிக்க வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது என்று பொருள். கூரான கத்தியைவிட மொக்கையான கத்திதான் விரலை அதிகம் பதம் பார்க்கும். அழுத்தி வெட்ட நேர்வதால் அது எந்தப் பக்கம் வழுக்கும் என்று சொல்ல முடியாது.

சென்னைத் தெருக்களில் சாணைச் சக்கரத்துடன் வருபவர்களிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்க்கும்போது, மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், அந்த இடத்தில் எஃகு தன் கடினத்தை இழந்து சீக்கிரமே மறுபடியும் மழுங்கிவிடும். கல்லில் நீர் விட்டுக் கையால் தீட்டும்போது அந்தச் சூடு எழுவதே இல்லை.

தேவையானது ஒரே ஒரு கல்தான். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று எண் குறித்த இருபக்கக் கல் வீட்டுக் கத்திகளுக்குப் போதும். எண் கூடக் கூடக் கல்லின் மணல் நைசாகும். பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் உள்ள ஹார்டுவேர் கடைகளில் கார்போரண்டம் கல் என்று கேட்டு வாங்கலாம். கல்லிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் பத்து நிமிடம், அதை நீரில் ஊற வையுங்கள். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். ஊறிய கல்லை நனைந்த துணியின் மேல் வைத்தால் நகராது.

அடுத்தது கோணம். பெரும்பாலான சமையல் கத்திகளுக்குப் பக்கத்துக்கு 20 பாகை பொருந்தும். பாகைமானி தேவையில்லை. 4 செ.மீ. அகல அலகாக இருந்தால், கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஏறத்தாழ 1.4 செ.மீ. உயர்த்திப் பிடித்தால் அந்தக் கோணம் வந்துவிடும். அது கிட்டத்தட்ட ஒரு சுண்டுவிரல் கனம். சந்தேகமாக இருந்தால் விளிம்பை ஒட்டி மார்க்கர் பேனாவால் கறுப்புக் கோடு தீட்டி, இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். கோட்டின் மேல்பகுதி மட்டும் அழிந்திருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது. வெட்டும் ஓரத்தை ஒட்டிய கீழ்ப்பகுதி மட்டும் அழிந்திருந்தால் முதுகு அதிகமாக உயர்ந்திருக்கிறது.

இப்போது 400 பக்கத்தில் தொடங்குங்கள். விளிம்பு உங்களைப் பார்த்திருக்க, வலது கை பிடியிலும், இடது கையின் இரண்டு விரல்கள் அலகின் மேலும் இருக்கட்டும். முன்னே தள்ளும்போது மிதமாக அழுத்தி, திரும்ப இழுக்கும்போது அழுத்தத்தை விட்டுவிடுங்கள். அடி, நடு, நுனி என்று பகுதி பகுதியாகத் தேய்த்து, நுனிக்கு வரும்போது அதன் வளைவுக்கேற்பப் பிடியைச் சற்று உயர்த்துங்கள். கல்லின் மேல் சேரும் கறுத்த சேற்றைக் கழுவிவிடாதீர்கள். தீட்டும் வேலையில் அதற்கும் பங்குண்டு.

எத்தனை முறை தேய்ப்பது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. எண்ணிக்கையில் விடை இல்லை. பிசிறு எழும்வரை தேய்க்க வேண்டும். ஒரு பக்கச் சரிவு விளிம்பை எட்டியதும், அங்குள்ள உலோகம் மெல்லிய இழையாக மறுபக்கம் மடங்கும். அந்த மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் குறுக்காக, மெல்ல வெளியே நகர்த்தினால் சொரசொரவென்று தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. விரல் வைக்கப் பயந்தால் பஞ்சை அதே போல நகர்த்திப் பாருங்கள்; பிசிறு இருக்கும் இடத்தில் நார் சிக்கும். நான் முதன்முதலில் முயன்றபோது அரைமணி நேரம் தேய்த்தும் கத்தியின் நுனி வெட்டவில்லை. அடியில் பிசிறு எழுந்ததைத் தடவிப் பார்த்தவன், நுனியைத் தடவிப் பார்க்காமலே கத்தியைத் திருப்பிவிட்டேன்.

அடி முதல் நுனி வரை பிசிறு எழுந்த பிறகே கத்தியைத் திருப்பி, மறுபக்கமும் அவ்வாறே செய்யுங்கள். பிறகு 1000 பக்கத்தில் பக்கம் மாற்றி மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தத்தைக் குறைத்து, இறுதியில் கத்தியின் எடை மட்டுமே கல்லில் படும்படி தேய்த்தால் பிசிறு மெலிந்துவிடும். மிச்சத்தை எடுக்கப் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், விளிம்பு பின்னால் வரும்படி பக்கத்துக்குப் பத்து முறை இழுங்கள்.

பதம் பார்க்க முதலில் கத்தியைக் குழல்விளக்கின் கீழ் விளிம்பு மேலாகப் பிடியுங்கள். கூரான விளிம்பு ஒளியைக் காட்டாது. வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கியே இருக்கிறது. அடுத்து, தொங்கவிட்ட செய்தித்தாளை அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பில் வெட்டிப் பாருங்கள். தாள் கிழிந்த இடத்துக்கு நேரான பகுதியை மட்டும் மறுபடியும் கல்லில் வையுங்கள். கடைசியாகத் தக்காளி: அழுத்தாமல் இழுத்தவுடனே தோல் பிளக்க வேண்டும். கைமயிரை மழித்துக் காட்டும் வித்தை சமையலறைக்கு அவசியமில்லை என்பது என் கருத்து.

பல் வைத்த ரொட்டிக் கத்திக்கு இந்த முறை உதவாது. அரிவாள்மணைக்கு அலகை அசைக்காமல் சிறு கல்லைத்தான் நகர்த்த வேண்டும். இரும்புக் கத்தியானால், சென்னையின் கடற்காற்றில் ஈரத்தோடு விட்டால் எளிதில் துருப்பிடிக்கும். கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். நாள்பட்ட கல் நடுவில் குழிந்துவிடும். அப்போது அதன் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, சமமான தரையில் விரித்த முரட்டு உப்புத்தாளின் மேல் நீர் தெளித்து, கோடுகள் எல்லாம் மறையும்வரை தேயுங்கள்.