மலை ஊர் ஆஸ்பத்திரிக்கு லோக்கம் போகிறவர்களுக்கு

கூடலூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ இரண்டு வாரம் லோக்கம் (லீவில் போகிறவருக்குப் பதில் டாக்டர்) பார்க்க ஆள் தேவை என்று போன் வந்தால், சம்பளம் பேசி முடித்த கையோடு வைத்துவிடாதீர்கள். இரவு ட்யூட்டியில் நான் ஒருவர் மட்டும்தானா, மயக்க மருந்து டாக்டர் ஊரிலேயே இருக்கிறாரா இல்லை கீழேயிருந்து வர வேண்டுமா, ரத்தம் எங்கிருந்து வரும், ஆஸ்பத்திரிக்குச் சொந்த ஆம்புலன்ஸ் உண்டா இல்லை 108 மட்டும்தானா, லீவில் போகிற டாக்டர் போனில் கிடைப்பாரா என்றெல்லாம் கேட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தாலும் போகலாம், ஆனால் அது தெரிந்துகொண்டு போக வேண்டும். முடிந்தால் ஒரு நாள் முன்னாலேயே போய் பழைய டாக்டரோடு உட்கார்ந்து ஓபி பாருங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு, இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ் (சிகிச்சை மீது வழக்கு வந்தால் கைகொடுக்கும் காப்பீடு) இரண்டும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டியில் போவதென்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த ஏற்பாடு அது. ஸ்வெட்டர், குடை, தலையில் மாட்டும் டார்ச், ஸ்டீல் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசர மருந்துகளின் டோஸை ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் போன ராத்திரியில் கூகுள் வராது.

முதல் நாள் ஓபிக்கு உட்காரும் முன் சீனியர் சிஸ்டரோடு ஆஸ்பத்திரியைச் சுற்றி வாருங்கள். அவர்தான் அங்கே பதினைந்து இருபது வருஷம் இருக்கிறவர், நீங்கள் வந்துபோகிறவர், இதை மனதில் வைத்துப் பேசினால் உங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அவரே சொல்லிவிடுவார். எமர்ஜென்சி டிராலியை நீங்களே திறந்து பாருங்கள், மூச்சுக்குழாயில் ட்யூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, பூச்சிமருந்து விஷத்தை முறிக்கும் அட்ரோபின் எத்தனை ஆம்பூல் இருக்கிறது என்று. கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு போடுகிற ஊர்களில் பூச்சிமருந்து குடித்து வருகிற ஒரே ஆளுக்கு ஒரு ராத்திரியில் இருப்பு முழுக்கத் தீர்ந்துபோகும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறதா, கரண்ட் போனால் அந்த ஃபிரிட்ஜ் ஜெனரேட்டரில் ஓடுமா என்றும் கேளுங்கள்.

அப்புறம் ரோடு. மலையில் நோயாளியைக் கீழே அனுப்புவதா வைத்திருப்பதா என்பதுதான் லோக்கம் டாக்டரின் உண்மையான வேலை, மற்றதை எல்லோரும் செய்துவிடுவார்கள். சமவெளியில் "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்று சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. இங்கே அந்த ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும், மூடுபனி இறங்கிவிடும், வண்டி மெதுவாகத்தான் போகும், வழியில் ஒரு மரம் விழுந்திருந்தால் அதுவும் போச்சு. அதனால் பிரசவ வலியில் வந்தவளின் பார்ட்டோகிராப் (பிரசவம் முன்னேறுவதைக் காட்டும் வரைபடம்) கோடு நகரவில்லை என்று மதியம் மூன்று மணிக்குச் சந்தேகம் வந்தால் மூன்று மணிக்கே முடிவெடுங்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம். பந்தலூர்ப் பக்கம் எருமாடு, அய்யன்கொல்லியில் இருக்கிறவர்களுக்கு சுல்தான் பத்தேரிதான் பக்கம், ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் காப்பீட்டு அட்டையும் போலீஸ் கேஸும் எப்படி என்று அலுவலகத்தில் முதல் நாளே கேட்டு வையுங்கள். கொடைக்கானலிலிருந்து என்றால் மலை அடிவாரம் வரை இறங்கித்தான் மதுரைக்கோ தேனிக்கோ திரும்ப வேண்டும்.

மழையும் இதில் சேரும். கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கொட்டும், குன்னூர் - மேட்டுப்பாளையம் பாதையிலும் கொடைக்கானலிலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் மண் சரியும். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாளில் எந்த நோயாளியையும் எங்கேயும் அனுப்ப முடியாது என்று வைத்துக்கொண்டு, மழை அறிவிப்பு வந்ததுமே வார்டைச் சுற்றிவந்து அனுப்ப வேண்டியவர்களை அனுப்பிவிடுங்கள்.

அனுப்பும்போது ஆக்சிஜன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிரம்பிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரம், முள் பாதியில் நின்றால் ஒன்றேகால் மணி நேரம்தான். ரோடு இரண்டு மணி நேரம் என்றால் பாதி சிலிண்டர் போதாது, ஏற்றும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். அனுப்புகிற ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரிடம் நீங்களே பேசிவிட்டு அனுப்புங்கள், சீட்டை மட்டும் கொடுத்துவிட வேண்டாம். இன்னொன்று: விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் 98 பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஊட்டி உயரத்தில் 94, 95 என்று காட்டினால் பதற்றம் வரும், அந்த உயரத்தில் நல்ல ஆளுக்கே அப்படித்தான் இருக்கும், மூச்சையும் முகத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தேயிலை பறிக்கும் பெண்களுக்குக் கையில் பாம்புக்கடி வரும். நம்மிடம் இருக்கிற ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலுக்குத்தான். செடிக்குள் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. கையோடு அடித்துக் கொண்டுவந்த பாம்பையோ போனில் எடுத்த படத்தையோ அதனால்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எது கடித்தது என்று தெரியாமல் ரத்தம் உறையாமல் இருந்தால் தயங்காமல் 10 குப்பி கொடுங்கள், அலர்ஜி வந்தால் கொடுக்க பக்கத்தில் அட்ரினலின் ஏற்றி வைத்துக்கொண்டு. உறைகிறதா என்று பார்க்க புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். 2 மில்லி ரத்தம், 20 நிமிடம், ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டு ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ பார்த்தால் நல்ல ரத்தமும் உறையாதது போல ஏமாற்றும். குழிவிரியன்தான் என்றால் சிறுநீர் அளவைப் பாருங்கள், குறைந்தால் டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு வாரமாகக் காய்ச்சல் என்று வருகிறவரின் அக்குள், இடுப்புத் துணி கட்டும் இடம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே பாருங்கள், சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் (சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்), லேப் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் டாக்சிசைக்கிளின் ஆரம்பியுங்கள். பெண்களைச் சிஸ்டரை வைத்துக்கொண்டு பார்க்கலாம், வெட்கத்துக்குப் பயந்து பார்க்காமல் விடக் கூடாது.

பணியர், குறும்பர் மக்களிடையே சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ரத்தச் சிவப்பணுக் கோளாறு) அதிகம். குளிரில் கை கால் வலி என்று ஒரு இளைஞன் வந்து முனகாமல் சுருண்டு உட்கார்ந்திருந்தால், சத்தம் போடவில்லை என்பதால் வலி குறைவு என்று நினைக்காதீர்கள். போர்வை, திரவம், வலிக்குச் சரியான மருந்து, தேவையென்றால் மார்பின். ஆதிவாசிகள் ஓபியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நேரமானால் சொல்லாமல் எழுந்து போய்விடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை நீங்களே கூப்பிடுங்கள். அவர்கள் சமூகத்திலிருந்து வந்த சுகாதாரப் பணியாளர் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் போகும், மருந்தை எப்போது சாப்பிடுவாய் என்று திருப்பிச் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும்.

யானையோ காட்டெருமையோ தாக்கிய காயத்துக்கு ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவும் காயச் சான்றிதழும் பொறுமையாக எழுதுங்கள். காயத்தின் நீளம், ஆழம், இடம், நேரம், யார் கொண்டுவந்தார்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வனத்துறை இழப்பீடு அந்தத் தாளை நம்பித்தான் இருக்கிறது, நீங்கள் அவசரத்தில் "விலங்கு தாக்குதல்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் அலையும்.

கிளம்பும் முன் வரப்போகிற டாக்டருக்கு ரிசல்ட் பாக்கியுள்ள நோயாளிகள், கீழே அனுப்பியவர்கள், மாத்திரை ஆரம்பித்தவர்கள் பெயரை வார்டு நோட்டில் எழுதி வையுங்கள். கையெழுத்து பாக்கியுள்ள ஏ.ஆர். தாள்களை முடித்து, ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்துக்கொண்டு, நிலையான முகவரியையும் போன் நம்பரையும் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கோர்ட் சம்மன் ஒரு வருஷம் கழித்தும் வரும், அப்போது அந்த எண் இருந்தால்தான் பழைய பதிவேட்டை எடுக்க முடியும்.