ஏம்ஸ் பிளான்டேஷனில் உங்கள் நாய் ஓட வேண்டுமா?

காடையை மோப்பம் பிடித்ததும் பாயாமல், அப்படியே விறைத்து நின்று இடத்தைக் காட்டும் நாய்களுக்கு அமெரிக்காவில் உச்சமான போட்டி தேசிய சாம்பியன்ஷிப்தான். 1896-ல் மிசிசிப்பியில் தொடங்கியது. 1915 முதல் டென்னசி மாநிலத்தின் ஏம்ஸ் பிளான்டேஷன்தான் களம். பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டு இறங்க முடியாது. குறிப்பிட்ட தகுதிப் போட்டிகளில் உங்கள் நாய் இரண்டு முறை முதலிடம் பிடித்திருக்க வேண்டும். இரண்டாம் இடம் உதவாது.

படி 1: பதிவு
நாயைப் பீல்டு டாக் ஸ்டட் புக் என்ற வேட்டை நாய்ப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் ஓடுபவை பாயிண்டர், இங்கிலீஷ் செட்டர் இன நாய்கள்தான்.

படி 2: குட்டியை ஓடவிடுங்கள்
முதல் வருடம் அது பறவையைத் துரத்தினாலும் அதட்ட வேண்டாம். குட்டிகளுக்கான பப்பி, டெர்பி பிரிவுகளில் நடுவர்கள் தேடுவது ஆர்வத்தையும் ஓட்டத்தையும்தான். அவசரப்பட்டு அடக்கினால் அந்த வேகம் திரும்பி வராது என்பது என் கருத்து.

படி 3: நிற்கப் பழக்குங்கள்
இங்கேதான் அதிக நாள் பிடிக்கும். நீளக் கயிறு கட்டி, 'வோ' என்றால் அசையாமல் நிற்கப் பழக்குங்கள். போட்டியில் நாயின் பின்னால் குதிரையில் போவீர்கள்; அது நின்றதும் இறங்கிப் போய்ப் பறவையைக் கிளப்பி, வெற்றுத் தோட்டா சுடுவீர்கள். பறவை சாகாது. சிறகடிப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் நாய் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. இன்னொன்று: நாய்கள் ஜோடியாக ஓடும். கூட ஓடும் நாய் முதலில் பறவையைக் காட்டினால், நம் நாய் பின்னாலேயே நின்று அதை மதிக்க வேண்டும். அந்தப் பறவையைத் தட்டிப் பறிக்கப் பார்த்தால் கதை முடிந்தது. தனியாகவே பழகிய நாய்க்கு இது வராது, ஆகவே சீக்கிரமே துணையோடு ஓட்டுங்கள்.

படி 4: பிரிவைத் தேர்ந்தெடுங்கள்
ஷூட்டிங் டாக் பிரிவில் நாய் ஓரளவு அருகில் தேடும். தேசியப் போட்டிக்கு வழி ஆல்-ஏஜ் பிரிவு. அதில் நாய் வெகுதூரம் விரிந்து ஓட வேண்டும், ஆனால் உங்களை மறந்துவிடவும் கூடாது. கண்ணுக்குத் தப்பிய நாயைத் தேடிப் பிடிக்க 'ஸ்கவுட்' என்று ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம். நல்ல ஸ்கவுட் கிடைப்பது நல்ல நாய் கிடைப்பதைவிடக் கஷ்டம்!

படி 5: தம் கட்டுங்கள்
பல போட்டிகளில் ஓட்டம் ஒரு மணி நேரம். ஏம்ஸில் மூன்று மணி நேரம். அதற்காக மார்புப்பட்டை மாட்டி, பாரம் இழுக்கவைத்துத் தசையை உரமாக்குவார்கள். தொழில்முறைப் பயிற்சியாளர்கள் பலர் கோடையில் டகோட்டா, மொன்டானா புல்வெளிகளுக்கே நாய்களைக் கொண்டுபோய்விடுவார்கள். வெயில் குறைவு, காட்டுப் பறவைகளும் உண்டு.

சரி, நாய் தயாராவதற்குள் ஒரு பிப்ரவரியில் ஏம்ஸுக்குப் போய்ப் பாருங்கள். குதிரை இருந்தால் பார்வையாளர் கூட்டத்தோடு பின்னாலேயே போகலாம். முதல் மணி நேரத்தில் எல்லா நாயும் அழகாகத்தான் ஓடும். மூன்றாவது மணி நேரத்தில் வால் எப்படி நிற்கிறது, தேடல் சுருங்குகிறதா என்று கவனியுங்கள்.