உப்பில் ஊறிய மஞ்சள் கரு: நாலு நாள் வேலை

சிங்கப்பூரில் ஈரச் சந்தை எனப்படும் மீன், காய்கறிச் சந்தையில் கரி பூசிய உப்பு வாத்து முட்டை கிடைக்கும். முழு முட்டை உப்பேற மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். எனக்கு வேண்டியது மஞ்சள் கரு மட்டும்தான் என்பதால், கோழி முட்டையிலேயே செய்துகொள்கிறேன். வாத்து முட்டை அளவுக்கு எண்ணெய்ப் பசை இருக்காது, ஆனால் ருசியில் குறை சொல்ல முடியாது.

ஆறு கருவுக்கு 400 கிராம் தூள் உப்பு, 150 கிராம் சர்க்கரை. இரண்டையும் கலந்து, பாதியைத் தட்டையான டப்பாவில் பரப்புங்கள். ஓடு உடைக்காத முட்டை ஒன்றை அதில் அழுத்தி அழுத்தி எடுத்தால் ஆறு குழிகள் கிடைக்கும். முட்டை புதிதாக இருக்கட்டும். பழைய முட்டையின் கரு தொட்டாலே உடைந்துவிடும். வெள்ளையைப் பிரிக்க உடைத்த ஓடுகளை நம்பாதீர்கள், விரலிடுக்கில் வழியவிடுங்கள். கருவைக் குழிக்கு ஒன்றாக வைத்து, மீதி உப்பால் மூடி, டப்பாவையும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை அன்றைக்கே ஆம்லெட் போட்டுவிடலாம்.

உப்பு கருவிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். நாலாம் நாள் திறந்தால் கருவைச் சுற்றி உப்பு ஈரமாகிக் கட்டிதட்டியிருக்கும். கரு ஆரஞ்சு நிறமாக, அழுத்தினால் பேரீச்சம்பழம் போல லேசாக அமுங்கும். குழாய்த் தண்ணீரில் சட்டென்று அலசித் துணியில் ஒற்றியெடுங்கள். உப்பு போட்டதால் மட்டும் கிருமி போய்விடாது. அதனால் நான் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்துத்தான் எடுப்பேன். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் இதை விடவே கூடாது.

இனி இந்தக் கருவில் புரட்டும் இறால். 300 கிராம் இறாலைச் சோள மாவில் புரட்டிப் பொரித்துத் தனியே வையுங்கள். வெந்த கரு நாலை முள்கரண்டியால் நன்றாக மசியுங்கள். சிறு கட்டி இருந்தாலும் வாயில் உப்பாகத் தட்டும். வாணலியில் 40 கிராம் வெண்ணெய், இரண்டு கொத்து கறிவேப்பிலை, நறுக்கிய சிலி பாடி (காரமான சின்ன மிளகாய்) நாலு. இலை படபடத்ததும் தீயைக் குறைத்துக் கருவைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். அப்புறம் ஓரத்திலிருந்து குமிழி கிளம்பி, வாணலி முழுக்க மஞ்சள் நுரை பொங்கும். அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பாதீர்கள், அரை நிமிடம் தாமதித்தாலும் அடிப்பிடித்துக் கசக்கும். நுரைத்ததும் அரைக் கரண்டி சர்க்கரை, உடனே இறால், ஒரே புரட்டு, இறக்கிவிடலாம். உப்பு போடவே வேண்டாம்.

மீதி இரண்டு கருவை 90 டிகிரி ஓவனில் முக்கால் மணி நேரம் உலர்த்தினால் கெட்டியாகிவிடும். சூடான சாதத்தில் நெய் விட்டு, மிளகு தட்டிப் போட்டு, மேலே இதைத் துருவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குக் குழம்பே கேட்க மாட்டார்கள்.